பாட்டிக்கு ஒரு ரிமோட் போதும்

ஒரு சின்னக் கணக்கு போடலாமா? உங்க வீட்டு ஹால்ல மொத்தம் எத்தனை ரிமோட் இருக்கு? டிவிக்கு ஒன்னு. செட்டாப் பாக்ஸுக்கு ஒன்னு. ஓடிடி ஸ்டிக்குக்கு ஒன்னு. சவுண்ட்பாரோ பழைய ஹோம் தியேட்டரோ இருந்தா அதுக்கும் ஒன்னு. ஆக நாலு. அதுல ஒன்னுக்குப் பின்பக்க மூடி தொலைஞ்சு, பேட்டரி விழாம இருக்க ரப்பர் பேண்ட் போட்டிருப்பீங்க. இன்னொன்னு வாங்கின அன்னைக்குப் போட்ட பிளாஸ்டிக் கவரோடயே இன்னும் இருக்கும்.

அடுத்த கேள்வி. இந்த நாலையும் எந்த வரிசையில அழுத்தினா மத்தியான சீரியல் வரும்னு உங்க வீட்ல யாருக்கெல்லாம் தெரியும்? உங்களுக்குத் தெரியும். தம்பி தங்கச்சிக்குத் தெரியும். ஆனா மத்தியானம் வீட்ல இருக்கிறது பாட்டியோ தாத்தாவோதான்.

"கண்ணு, டிவி நீலக் கலராவே நிக்குதுடா"ன்னு ஹாஸ்டல்ல இருக்கிற நமக்குப் போன் வரும். தெரியாம சோர்ஸ் பட்டன் அழுந்தியிருக்கும், டிவி வேற இணைப்புக்கு மாறியிருக்கும். அந்த பட்டனைப் போன்லயே அடையாளம் சொல்லணும். அதுல பேர் இங்கிலீஷ்ல, எழுத்தும் பாதி தேஞ்சு போயிருக்கும். கடைசியில "சரி விடு, சாயங்காலம் அப்பா வரட்டும்"னு வச்சுடுவாங்க. நாம இதை ரூம்ல காமெடியா சொல்லிச் சிரிப்போம். எனக்கு இதுல சிரிக்க ஒன்னும் தெரியல. எழுபது வயசுல, சொந்த வீட்ல, ஒரு சீரியல் பார்க்க இன்னொருத்தர் வர்ற வரைக்கும் காத்திருக்கிறது சின்ன விஷயமா?

அதனால என் கருத்தை நேராவே சொல்லிடுறேன். வீட்டுக்கு ஒரே ரிமோட் என்பதை நாம ஒரு சொகுசு கேட்ஜெட்டா பார்க்கக் கூடாது. வயசானவங்க யாரையும் கேட்காம தானா ஒரு வேலையைச் செய்ய உதவுற சாதனமா பார்க்கணும். அப்படிப் பார்த்தா டிசைனே வேற மாதிரி வரும்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. அமெரிக்காவுல ஜெனித் கம்பெனி 1950ல 'லேசி போன்ஸ்'னு வயர் வச்ச டிவி ரிமோட் கொண்டு வந்துச்சு. 1956ல அதே கம்பெனியில ராபர்ட் அட்லர் வடிவமைச்ச 'ஸ்பேஸ் கமாண்ட்' வந்தது. உள்ளே அலுமினியக் கம்பிகள். பட்டனை அழுத்தினா சின்னச் சுத்தியல் கம்பியைத் தட்டும், காதுக்குக் கேட்காத ஒலி டிவிக்குப் போகும். பேட்டரியே கிடையாது. நாலு கம்பி, நாலு வேலை: ஆன்-ஆஃப், சேனல் ஏத்த, சேனல் இறக்க, சத்தத்தை நிறுத்த. அவ்ளோதான். இன்னைக்கு உங்க செட்டாப் பாக்ஸ் ரிமோட்டை எடுத்து பட்டன்களை எண்ணிப் பாருங்க. அதுல பாட்டி எத்தனை தொடுறாங்கன்னும் கவனிங்க.

ஒரே ரிமோட் யோசனையும் புதுசு இல்ல. ஆப்பிளைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான ஸ்டீவ் வாஸ்னியாக், 1987லயே 'கோர்' என்கிற யூனிவர்சல் ரிமோட்டை வெளியிட்டார். லாஜிடெக்கின் 'ஹார்மனி' ரொம்பப் பிரபலமா இருந்தது. 2021ல அதோட உற்பத்தியையே நிறுத்துறதா அறிவிச்சுட்டாங்க. இவ்வளவு வருஷமா இவ்வளவு பேர் முயற்சி பண்ணியும் ஏன் நம்ம ஹால்ல நாலு ரிமோட் கிடக்குது?

ஈசிஇ பசங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான், மத்தவங்களுக்காகச் சொல்றேன். சாதாரண ரிமோட்ல இருக்கிறது ஒரு அகச்சிவப்பு எல்இடி. பெரும்பாலும் நொடிக்கு சுமார் 38,000 தடவை மினுக்கி, அதுக்குள்ள ஒரு கோடை வச்சு அனுப்பும். லேப்ல நாம பிரெட்போர்டுல குத்துற டிசாப் 1738 இதைப் பிடிக்கத்தான். இந்தக் கோடைப் பதிவு பண்ணித் திருப்பி அனுப்புறது கஷ்டமே இல்ல. கஷ்டம் எங்க இருக்குன்னா, இந்தப் பேச்சு ஒருவழிப் பேச்சு. ரிமோட் சொல்லும், டிவி கேட்கும். டிவி திரும்ப ஒன்னும் சொல்லாது.

பெரும்பாலான ரிமோட்கள்ல பவர் பட்டனுக்கு ஒரே கோட்தான். ஆன்ல இருந்தா ஆஃப் ஆகும், ஆஃப்ல இருந்தா ஆன் ஆகும். இப்போ ஒரே பட்டன்ல டிவியையும் பாக்ஸையும் சேர்த்து ஆன் பண்ற மாதிரி ஒரு ரிமோட் செய்றீங்கன்னு வச்சுக்கோங்க. நேத்து ராத்திரி யாரோ டிவியை மட்டும் அணைச்சுட்டுப் போயிட்டாங்க, பாக்ஸ் ஓடிக்கிட்டே இருக்கு. காலையில பாட்டி உங்க பட்டனை அழுத்துறாங்க. டிவி ஆன் ஆகும், பாக்ஸ் ஆஃப் ஆகும். இன்னொரு தடவை அழுத்தினா அது அப்படியே தலைகீழா மாறும். எத்தனை தடவை அழுத்தினாலும் ரெண்டும் ஒன்னா சேராது. ஹார்மனியில இதுக்காகவே ஒரு ஹெல்ப் பட்டன் வச்சாங்க. "டிவி ஆன்ல இருக்கா?"ன்னு அது நம்மளையே கேட்கும். நம்ம பாட்டிக்கு இது சரிப்படுமா?

ஏசி ரிமோட்டைப் பாருங்க. அதுவும் பெரும்பாலும் ஒருவழிப் பேச்சுதான். ஆனா அது ஒவ்வொரு தடவையும் 'ஆன், கூல், 24 டிகிரி, ஃபேன் மெதுவா'ன்னு முழு நிலையையும் சேர்த்தே அனுப்பும். அதனால எத்தனை தடவை அழுத்தினாலும் குழப்பம் வராது. டிவிக்கும் ஆனுக்குத் தனி கோட், ஆஃபுக்குத் தனி கோட் கொடுத்தா முடிஞ்சது. நிறைய டிவிகள் அப்படிப்பட்ட கோடை ஏத்துக்கவும் செய்யும், ரிமோட்ல மட்டும் அதுக்குப் பட்டன் இருக்காது.

இதைவிட நல்ல வழியும் இருக்கு. எச்டிஎம்ஐ கேபிள்ல 13ஆவது பின் 'சிஇசி' என்கிற வசதிக்காக இருக்கு. இதுல பேச்சு இருவழி. ஒரு சாதனம் இன்னொன்னை "நீ ஆன்ல இருக்கியா?"ன்னு கேட்கலாம், பதிலும் வரும். டிவி ரிமோட்டின் அம்புக்குறி பட்டன்களாலேயே ஓடிடி ஸ்டிக்கை ஓட்டலாம். இது ஏன் நிறைய பேருக்குத் தெரியாது? ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேர் வச்சிருக்கு. சாம்சங்ல அனிநெட் பிளஸ், எல்ஜியில சிம்ப்லிங்க், சோனியில பிராவியா சிங்க். பல டிவியில செட்டிங்ஸ்ல தேடிப் போய் நாமதான் ஆன் பண்ணணும்.

இங்க உங்கள்ல சிலர் கேட்பீங்க: "போன்ல ஒரு ஆப் போட்டா முடிஞ்சுதே?" நம்ம டிபார்ட்மென்ட்ல வருஷா வருஷம் யாராவது இஎஸ்பி 32 வச்சு 'ஸ்மார்ட் ரிமோட்' ப்ராஜெக்ட் பண்றாங்க. மார்க் வரும், தப்பில்ல. ஆனா போன் ஒருத்தரோட சொந்தப் பொருள். அவர் வெளிய போனா ரிமோட்டும் கூடவே போயிடும். லாக் எடுக்கணும், வைஃபை இருக்கணும், ஆப் அப்டேட் ஆகணும். பட்டன் போன் வச்சிருக்கிற பாட்டிக்கு ஆப்பால ஒரு பிரயோஜனமும் இல்ல. ரிமோட் வீட்டுக்குப் பொதுவானது. இருட்டுல தடவிப் பார்த்தாலும் எது எதுன்னு விரலுக்குத் தெரியணும். தொடுதிரையில அது வராது.

இன்னொன்னு. புது ஓடிடி ரிமோட்கள்ல நம்பர் பட்டனே இல்ல. பார்க்க அழகா இருக்கு, சரிதான். ஆனா பாட்டிக்கு சேனல் பேரைவிட நம்பர்தான் மனப்பாடம். நம்பரை எடுத்துட்டு அந்த இடத்துல ஓடிடி கம்பெனிகளோட பேர் போட்ட பட்டன்களை வைக்கிறாங்க. அதுக்கு அந்தக் கம்பெனிகள் காசு கொடுக்குது. ரிமோட்டே விளம்பரப் பலகை ஆனப்புறம், ரிமோட் எண்ணிக்கையைக் குறைக்க எந்தக் கம்பெனிக்கு ஆசை வரும்?

அதனாலதான் இதுக்கு ஒரு விதி வேணும்னு நான் நினைக்கிறேன். சார்ஜர் கதையும் இப்படித்தான் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, 2024 டிசம்பர் 28லிருந்து அங்க விற்கிற புதுப் போன்களுக்கு யூஎஸ்பி-சி கட்டாயம்னு ஆக்கிடுச்சு. அதே மாதிரி இங்க விற்கிற ஒவ்வொரு டிவியிலயும் பாக்ஸ்லயும் ஆனுக்கும் ஆஃபுக்கும் தனித்தனி கோட் இருக்கணும், சிஇசி ஒரே பேர்ல, கடையிலிருந்து வரும்போதே ஆன்ல இருக்கணும். நாளைக்கு நம்மள்ல சிலர் இந்தக் கம்பெனிகள்லதான் வேலைக்குச் சேரப் போறோம். மீட்டிங்ல இதைக் கேட்க ஒரு ஆளாவது வேணும்.

விதி வர்றப்ப வரட்டும். இந்த வாரம் ஊருக்குப் போறவங்க ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. எச்டிஎம்ஐ இணைப்பு இருந்தா சிஇசியை ஆன் பண்ணிப் பாருங்க. பாக்ஸ் அதை ஆதரிக்கலாம், ஆதரிக்காமலும் போகலாம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் போட்ட பழைய இணைப்பா இருந்தா வேற வழி இருக்கு. பல செட்டாப் பாக்ஸ் ரிமோட்கள்ல டிவி பவர், வால்யூமுக்குத் தனி பட்டன்கள் இருக்கும். ரெண்டு ரிமோட்டையும் முகத்துக்கு முகம் வச்சு, டிவி கோடை அதுக்குக் கத்துக்கொடுக்கலாம். மாடலுக்கு மாடல் முறை மாறும், மேனுவலைப் பாருங்க. அப்புறம் அந்த ரிமோட்ல பாக்ஸோட பவர் பட்டன் மேல ஒரு டேப்பை ஒட்டிடுங்க. பாக்ஸ் எப்பவும் ஆன்லயே இருக்கட்டும், ராத்திரி வேணும்னா சுவிட்ச் போர்டுல அணைச்சுக்கலாம். காலையில கரண்ட் கொடுத்ததும் பாக்ஸ் தானா ஆன் ஆகுதான்னு மட்டும் முன்னாடியே சோதிச்சுக்கோங்க. ரிமோட்ல ஆன்-ஆஃப் ஆகுறது டிவி மட்டும்தான்னு ஆயிட்டா, நான் மேல சொன்ன குழப்பத்துக்கு இடமே இல்ல.

மத்த ரிமோட்களை அலமாரியில எடுத்து வைங்க. பாட்டி கையில ஒன்னைக் கொடுத்து, நீங்க எதுவும் சொல்லாம தள்ளி நின்னு பாருங்க. அவங்க எந்த இடத்துல தடுமாறுறாங்களோ, அதுதான் நீங்க அடுத்துச் சரி பண்ண வேண்டிய வேலை.