மாதிரி விமானத்தின் குறை எங்கே இருக்கிறது?

வானொலி மூலம் இயக்கப்படும் சிறிய மாதிரி விமானம் தள்ளாடிப் பறந்தால், அதைச் செய்த மாணவர் முதலில் சந்தேகிப்பது மோட்டாரைத்தான். அடுத்தது வானொலிக் கருவியை. வலிமை மிகுந்த வேறொரு மோட்டாரைப் பொருத்துகிறார். அல்லது இக்காலத்தில் எளிதாகக் கிடைக்கும் கைரோ கருவியை வாங்கி வைக்கிறார். கொட்டைப்பாக்களவே உள்ள அக்கருவி, விமானம் சாய்வதை உணர்ந்து மடல்களைத் தானே அசைத்துத் தள்ளாட்டத்தை அடக்குகிறது. குறை மறைகிறதேயன்றி நீங்குவதில்லை. கருவி பழுதாகும் அன்று ஒரு மாத உழைப்பு ஒரு கணத்தில் தரையில் நொறுங்கும். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் அமைத்தல் ஒரு பயிற்சியாகவே உள்ள நாட்டில், இப்பழக்கம் வேரூன்றுவது நல்லதன்று.

குறைக்கு மூலம் பெரும்பாலும் வடிவத்திலேயே இருக்கிறது. பெரிய விமானத்தை அப்படியே சிறிதாக்கினால் அதுவும் பெரியதைப் போலவே பறக்கும் என்று பலர் நம்புகின்றனர். 1951ல் முதன்முதலாகப் பறந்த ஹெச்.டி.-2 என்னும் இந்தியப் பயிற்சி விமானத்தை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் இறக்கைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 10.7 மீட்டர். எட்டில் ஒரு பங்காகக் குறைத்தால் நீளம் 1.3 மீட்டருக்குச் சற்று மேற்படும். இறக்கையின் அகலம் சுமார் 19 சென்டிமீட்டர். வடிவம் பிசகவில்லை, ஆனால் காற்றின் போக்கு மாறிவிடுகிறது. அகலம், வேகம், காற்றின் பாகுத்தன்மை முதலியவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் ரேனால்ட்ஸ் எண் பெரிய விமானத்தில் 50 லட்சத்தை ஒட்டியிருக்க, விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் செல்லும் மாதிரியில் ஒன்றரை லட்சத்தையே எட்டுகிறது. இந்நிலையில் இறக்கையைத் தழுவிச் செல்லும் காற்று எளிதில் பிரிந்துவிடும். இத்தகைய சிறு எண்களில் தடித்த இறக்கை சோர்வதையும் மெல்லிய வளைந்த தகடு சிறப்பதையும் ஜெர்மனியில் எஃப். டபிள்யூ. ஷ்மிட்ஸ் 1942ல் வெளியிட்ட நூலிலேயே விளக்கிவிட்டார். ஆகவே, மாதிரியில் வால் பரப்பைச் சற்றுக் கூட்டுவதும் இறக்கையைச் சிறிது மெல்லியதாக்குவதும் அசலுக்குச் செய்யும் துரோகமல்ல.

ஆயினும் முதலில் கவனிக்க வேண்டியது புவியீர்ப்பு மையம். சாதாரண அமைப்புள்ள மாதிரியில் அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, அகலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே அமைவது பொருத்தம். மேற்சொன்ன இறக்கையில் இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டரே! மையம் இதற்கு மிகவும் பின்னே சென்றால் எலிவேட்டரைச் சற்றே தொட்டாலும் மூக்கு துள்ளும். மிகவும் முன்னே சென்றால் விமானம் நிலைத்துப் பறக்கும், ஆனால் இறங்கும் வேளையில் மூக்கை நிமிர்த்த மறுக்கும். பாட்டரியை விரற்கடை அளவு நகர்த்துவதற்குக் காசு செலவில்லை. அதை விட்டுவிட்டு விலைகொடுத்துக் கருவி வாங்குவது விசித்திரமே.

சுக்கானால் மட்டுமே திரும்பும் விமானத்துக்கு இறக்கைகள் மேல்நோக்கி நன்கு சாய்ந்திருக்க வேண்டும். சுக்கான் மூக்கைத் திருப்ப, அச்சாய்வே விமானத்தை அப்பக்கம் சரியச் செய்கிறது. எய்லரான் மடல்கள் உள்ளதில், இடப்பக்கம் திரும்ப முயலும்போது மூக்கு வலப்பக்கம் இழுபடுவதுண்டு. கீழிறங்கும் மடலின் பக்கம் இழுவை மிகுவதே காரணம். மேலெழும் மடல் அதைவிட அதிகம் அசையுமாறு கம்பிகளை அமைத்தால் இக்கோளாறு தணியும்.

இவற்றை ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்பது விளங்காது. ஒரு திருத்தம், ஒரு பறப்பு, ஒரு குறிப்பு என்று செல்வதே விஞ்ஞான முறை. போட்டி நடத்துவோர் பறப்புக்கு மட்டுமன்றி இக்குறிப்பேட்டுக்கும் மதிப்பெண் வழங்கலாம். கைரோ கருவியை அடியோடு விலக்க வேண்டுமென்பதில்லை. காற்று வீசும் நாளில் கற்றுக்கொள்பவருக்கு அது நல்ல துணை. அது இல்லாமலே விமானம் நேராகச் செல்கிறது என்று கண்ட பின்னர் பொருத்தினால் போதும்.