ஓட்டுக்கு வந்த சாய்தளம் படிப்புக்கு வராதா?

தேர்தல் வந்தா தாம்பரம், பல்லாவரம், பம்மல், செம்பாக்கம்னு நம்ம பக்கம் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. சாவடின்னா சாய்தளம் இருக்கணும்ங்கிறது தேர்தல் ஆணையத்தின் விதி. நிரந்தரமா இல்லாத இடத்துல பலகை அடிச்சாவது போடுவாங்க. நல்லது, வரவேற்கிறோம்.

ஓட்டு எண்ணி முடிஞ்சதும் அந்தப் பலகை எங்கே போகுது? ஜூன் மாசம் காலிப்பர் போட்டுக்கிட்டு வர்ற பிள்ளைக்கு ஓட்டு இல்லைங்கிறதாலயா?

சட்டம் இருக்கு தோழர்களே. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16: பள்ளிக் கட்டடம், வளாகம், வசதிகள் எல்லாம் அந்தப் பிள்ளை பயன்படுத்துற மாதிரி இருக்கணும். போக்குவரத்து வசதியும் தரணும். பொதுக் கட்டடங்களை மாத்த பிரிவு 45 கொடுத்தது 5 ஆண்டு. விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு 2022 ஜூனிலேயே முடிஞ்சாச்சு!

வாசல்ல சிமெண்ட் சரிவு போட்டு போட்டோ எடுத்தா சாய்தளம் ஆகிடாது. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும். கழிவறைக் கதவுக்குள்ள சக்கர நாற்காலி நுழையலைன்னா, சாயங்காலம் வரை தண்ணி குடிக்காமலே உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளை. வகுப்பு மாடியிலயா? தரைத்தளத்துக்கு மாத்துங்க. இதுக்கு டெண்டர்கூட வேண்டாமே!

தாம்பரம் மாநகராட்சியும் பள்ளிக் கல்வித்துறையும் எந்தப் பள்ளியில் என்ன இருக்கு, என்ன இல்லைன்னு பட்டியலை வெளியிடணும்.

தோழர்களே, தலைமையாசிரியர்கிட்ட அனுமதி வாங்கி, இன்ச் டேப்போட உங்க வார்டு பள்ளிக்குப் போங்க. அவங்ககிட்ட சண்டை வேண்டாம், நிதி அவங்க கையில இல்ல. அளந்ததைக் கமெண்டுல போடுங்க. படத்துல பிள்ளைங்க முகம் வரக்கூடாது.