வயிற்றுப் பிள்ளையின் மூச்சுக்காக எழுவோம்

தோழர்களே! அச்சன்புதூரில் பீடி சுற்றும் அக்காமாரே, மதினிமாரே!

சாரல் அடிக்கிற சீமையில் காற்றுக்கு என்ன குறை என்று நம்மவர்களே கேட்கிறார்கள். குற்றாலத்துக் காற்று நல்ல காற்றுதான். ஆனால் அது நம் அடுக்களைக்குள் நுழைவதில்லையே! ஆனி, ஆடியில் கதவைச் சாத்திக்கொள்கிறோம். உள்ளே ஈர விறகு புகைகிறது. பக்கத்திலேயே மடியில் முறம், முறத்தில் புகையிலைத் தூள். வயிறு முட்டுவதால் முறத்தைத் தொடைமேல் சரித்து வைத்துச் சுற்றும் ஏழு மாதக்காரியை நாம் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! நெடி ஏறித் தும்முவாள். மறு இலையை எடுப்பாள். தூள் மூச்சில் போகிறது, நிக்கோட்டின் தோல் வழியாகவும் இறங்குகிறது. நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போகிறது. வளரும் மூளைக்கு அது விஷம்.

புகையும் அப்படித்தான். நியூயார்க்கில் கர்ப்பிணிகளின் முதுகில் காற்று அளக்கும் கருவியை மாட்டிவிட்டு, பிறந்த பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். எரிபுகை நச்சை அதிகம் சுவாசித்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு 5 வயதில் அறிவுத்திறன் அளவு 4 புள்ளிக்கு மேல் குறைந்திருந்தது. 2009-இல் வெளியான ஆய்வு இது. 2022-இல் வேறோர் ஆய்வில், கருப்பையில் இருந்த சிசுக்களின் மூளையிலேயே கரித்துகளைக் கண்டார்கள். சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்களும், நுண்துகள் கூடக்கூட நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் பிறப்பு எடை குறைவதைக் காட்டியிருக்கிறார்கள்.

விழுப்புரம், நாகப்பட்டினம் கர்ப்பிணிகளுக்கு எரிவாயு கொடுத்தும் ஓர் ஆய்வு நடந்தது. புகை குறைந்தது, பிறப்பு எடையில் சொல்லும்படி மாற்றமில்லை. அதற்காக எரிவாயு வீண் என்று யாரும் கிளம்ப வேண்டாம். உதவி கைக்கு வந்தபோதே கர்ப்பம் மூன்று, நான்கு மாதத்தைத் தொட்டிருந்தது. மூளைக்கு அடித்தளமான நரம்புக்குழலோ கரு உண்டான நான்காவது வாரத்திலேயே மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதைப் பல பெண்கள் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். ஒரு வீட்டு அடுப்பு மாறினால் போதாது, தெருவே மாற வேண்டும், முன்கூட்டியே மாற வேண்டும் என்பதுதான் நான் அதில் படிக்கும் பாடம்.

இதற்குத் தாயைக் குறை சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை. கட்டு குறைந்தால் கூலி குறையும். சிலிண்டர் விலை கூலியை விழுங்கும். அவள் எங்கே போவாள்?

ஆகவே நம் தொழிற்சங்கம் கேட்க வேண்டும். வீட்டில் சுற்றுபவருக்கும் பேறுகாலப் பலன் உண்டு என்று 1966-இன் பீடித் தொழிலாளர் சட்டமே எழுதி வைத்தது. புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் அந்த உரிமை கரைந்துபோக விடாதீர்கள். கர்ப்பம் தெரிந்த நாளிலிருந்து தூளைத் தொடாமல் இருக்கக் கூலி கேட்போம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியோடு, பேறுகாலம் முழுவதற்கும் சிலிண்டரும் சேர்த்துத் தரச் சொல்லி அரசிடம் கேட்போம். தெருமுனையில் குப்பைக்குத் தீ வைப்பதைப் பேரூராட்சி நிறுத்தட்டும்.

ஆண் தோழர்களே, வீட்டுக்குள் பீடி பற்றவைப்பதை இன்றே விடுங்கள். அதற்கு எந்த அரசாணையும் வேண்டாம்.

பீடிக் கடையில் கட்டுப் போட வரிசையில் நிற்கும்போதே பேச்சைத் தொடங்குங்கள். உங்கள் தெருவில் எத்தனை கர்ப்பிணிகள், எத்தனை விறகடுப்புகள் என்று இந்த வாரமே கணக்கெடுங்கள். அந்தக் கணக்கோடு சங்கத்துக்கு வாருங்கள். மனுவை அங்கேயே எழுதுவோம்.