ஊருக்குத் தெரிந்த ரகசியம்

ஆய்வு முடிந்ததும் கடைசியாக ஒரு கூட்டம் நடக்கும். யாருடைய ரத்தத்தை எடுத்தார்களோ, யார் வீட்டுக்குப் போய் எத்தனை பிள்ளை, எத்தனை தவறிப்போனது என்று கேட்டு எழுதினார்களோ, அவர்களிடமே முடிவைச் சொல்கிற கூட்டம். யூனியன் ஆபீஸ் ஹால், புரொஜெக்டர், கலர் கலராய் வரைபடங்கள், வருகைத் தாளில் கையெழுத்து, சாம்பார் சாதப் பொட்டலம். கிளம்பும்போது கையில் ‘எளிய தமிழில்’ ஒரு துண்டறிக்கை. ரத்தம் கொடுத்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள். வந்தவர்கள் பொட்டலத்தோடு பஸ்ஸைப் பிடிப்பார்கள். ஆய்வாளர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களில் பலருக்கு அக்கறை உண்டு. வார்த்தையை எளிதாக்கிவிட்டால் விஷயத்தைச் சொன்னதாகிவிடும் என்ற நம்பிக்கைதான் உறுத்துகிறது.

நம் மாநிலத்திலேயே இதற்கு முன்கதை இருக்கிறது. 1986 ஜூனில் ‘இந்தியா டுடே’ பத்திரிகை உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலைகளை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. நாடே அதிர்ந்தது. செய்தியில் பொய் இல்லை. அதன் பிறகுதான் அரசும் தொண்டு நிறுவனங்களும் அசைந்தன. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, 1994இல் பாரதிராஜா ‘கருத்தம்மா’ எடுத்தார். ஆனால் இன்னொன்றும் நடந்தது. ஓர் ஊரின் பெயரும் ஒரு சாதியின் பெயரும் கள்ளிப்பாலோடு ஒட்டிக்கொண்டன. சென்னையிலும் டெல்லியிலும் இருப்பவர்கள் படிப்பதற்காக எழுதப்பட்ட செய்தி அது. மைக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் எந்த ஊர் வாயைத் திறக்கும்?

விஷயம் அந்த ஊரோடு முடியவில்லை என்பது தொண்ணூறுகளின் நடுவில் எண்களாக வெளிவந்தது. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். புதிதாகக் கணக்கெடுப்பு எதுவும் நடத்தவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் நர்சம்மாக்கள் எழுதி வைத்திருந்த குழந்தை இறப்புப் பதிவேடுகள்தான். இறப்புக்கான காரணங்களில் ‘சமூகக் காரணங்கள்’ என்றும் ஒன்று இருந்தது. எழுதுகிற நர்சம்மாவுக்கும் அதன் பொருள் தெரியும், வாங்கி அடுக்குகிற ஆபீசுக்கும் தெரியும். ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியல் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அவற்றைத் தொகுத்து 1997இல் கட்டுரையாக்கினார்கள். மதுரை, திண்டுக்கல் பக்கம் தொடங்கி சேலம், தர்மபுரி வரை ஒரு பட்டையாக இது நீண்டுகிடந்தது. மாநிலத்தில் ஆண்டுக்குச் சுமார் மூவாயிரம் பெண் சிசுக்கள். ஒரு சாதியின் வழக்கம் என்று சொல்லிக் கைகழுவ இனி வழியில்லாமல் போயிற்று.

வழக்கமாக இந்த இடத்தில் ஆய்வு முடிந்துவிடும். கட்டுரை ஆங்கிலத்தில் அச்சாகும், மேற்கோள் காட்டப்படும், அடுத்த நிதிக்கு விண்ணப்பம் போகும்.

ஷீலா ராணியும் ஆத்ரேயாவும் அங்கே நிறுத்தாததற்குக் காரணம் பழைய பழக்கம் என்று நினைக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது ஷீலா ராணி அங்கே கலெக்டர். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்தச் சமயத்தில்தான். அறிவொளியின் பெரிய ஆயுதம் கலைப்பயணம்: ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் நாடகமும் போடுகிற இளைஞர் குழுக்கள். அதே கலைப்பயணம், டேனிஷ் நிதியுதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் வழியாக, தர்மபுரி மாவட்டத்துக்குப் போனது. கிருஷ்ணகிரி அப்போது பிரியவில்லை, மாவட்டம் பெரிது. குழுக்கள் கிராமம் கிராமமாகப் போய் வீதி நாடகம் போட்டன.

இதை ‘விழிப்புணர்வு’ என்ற சொல்லுக்குள் அடைக்க எனக்கு மனமில்லை. குழந்தையைக் கொல்வது குற்றம் என்று அங்கே யாருக்குத் தெரியாது? பிள்ளை பெற்றவளுக்குத் தெரியும், மருத்துவச்சிக்குத் தெரியும், குழியைத் தோண்டியவருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்பதுதான் நிலைமை. இங்கே எண்களை எப்படிச் சொல்வது? ‘உங்கள் கிராமத்தில் போன வருடம் இரண்டு’ என்று மைக்கில் அறிவித்தால், அது எந்த இரண்டு வீடு என்று சின்னப் பிள்ளையும் கை காட்டிவிடும். அந்த வீட்டுப் பெண் மறுநாள் குழாயடிக்கு எப்படி வருவாள்? நூறு குடும்பம் இருக்கிற ஊரில் புள்ளிவிவரம் என்று ஒன்று கிடையாது, அங்கே எல்லாம் பெயர்தான்.

நாடகத்தில் வருகிறவள் வேறு ஊர்க்காரி, கற்பனைப் பெண். அவளுக்காக ஊரே அழலாம், மாமியாரைத் திட்டலாம், கணவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கலாம். கூட்டத்தில் நிற்கிற எந்த வீட்டையும் சுட்டாமல் ஊர் தன்னைப் பற்றியே பேசிக்கொள்ள அது ஒரு மறைப்பைத் தருகிறது. துண்டறிக்கையால் இது முடியாது. தனியாக வாசிக்கிறவளை அது இன்னும் தனியாளாக்கும்.

அடுத்த ஆண்டுகளில் இந்த இறப்புகள் குறைந்ததாக அதே பதிவேடுகள் சொல்லின. 1997 முதல் 99 வரை நடந்ததை இருவரும் 2000இல் எழுதினார்கள். நாடகம் மட்டுமே இதைச் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். போலீஸ் பயம் இருந்தது, தொட்டில்கள் இருந்தன, ஸ்கேன் மையங்களும் பெருகியிருந்தன. 2001 மக்கள்தொகைக் கணக்கில் இன்றைய தர்மபுரி மாவட்டப் பகுதியில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 826 தான். 2011இல் அது 900ஐத் தாண்டியது. கணக்கு இன்னும் நேராகவில்லை.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி ஆய்வில் கண்டதை ஊருக்குத் திருப்பிக் கொடுத்தது வேறு வகை. நிமோனியாவில் குழந்தைகள் சாவதைத் தடுக்க, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை என்று வீட்டிலேயே எண்ண வேண்டும். கிராமத்து மருத்துவச்சிகளுக்கோ பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஒரு சட்டத்தில் ஒரு நிமிட மணல் கடிகையையும் கோத்த மணிகளையும் பொருத்திக் கொடுத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீரும் முன் சிவப்பு மணி நகர்ந்தால் நிமோனியா. ஆய்வு முடிவைப் பகிர்வதென்றால் இதைவிடச் சுத்தமான வழியை நான் பார்த்ததில்லை. மருத்துவச்சி அதை வாசிக்கவில்லை, பயன்படுத்தினாள்.

இப்போது நம்மிடம் எண்களுக்குப் பஞ்சமில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. மாவட்டத்துக்கு ஒரு தகவல் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. இன்னொரு பக்கம் ஆண்டுக்கு ஆறு கிராமசபைக் கூட்டங்கள். அங்கே வரவு செலவை வாசிக்கிறார்கள், தெருவிளக்கையும் குடிநீரையும் பேசுகிறார்கள். உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தால் டெங்குவோடும் கொசுமருந்தோடும் நின்றுவிடும்.

ஆய்வாளர்கள் தனிக் கூட்டம் போடுவதைவிட இங்கே வருவது மேல். கிராம எண் வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். ஒன்றிய அளவில் சொல்லட்டும்: எத்தனை பிரசவம், எத்தனை குழந்தை இறப்பு, எத்தனை பெண்களுக்கு ரத்தசோகை, பக்கத்து ஒன்றியத்தில் எவ்வளவு. நம் ஒன்றியத்தில் மட்டும் ஏன் கூடுதல் என்று யாராவது எழுந்து கேட்பார்கள். இரும்புச்சத்து மாத்திரை எத்தனை மாதமாக வரவில்லை என்று இன்னொருத்தி சொல்வாள். இதற்குப் புரொஜெக்டர் வேண்டியதில்லை. வட்டார மருத்துவ அலுவலர் மட்டும் பதில் சொல்ல அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.