வழிநூலுக்கு வழி சொல்லாத திரையுலகம்

‘படம் எடுக்கக் கதை கிடைக்கவில்லை’ என்று ஓலமிடுகின்றனர் நம் படமுதலாளிகள். நூலகப் படியை மிதித்தறியாதவன் நாட்டில் நூலே இல்லை என்பானாம்! தமிழில் புதினங்கட்கா பஞ்சம்? நாமக்கல்லாரின் ‘மலைக்கள்ளன்’ 1954-இல் திரைக்கு வந்து, தமிழ்ப்படங்களுள் முதன்முதலாகக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றதே! 1960-இல் மு.வ.வின் ‘பெற்ற மனம்’ வந்தது. அகிலனின் ‘பாவை விளக்கும்’ அவ்வாண்டே வந்தது. இத்தனைக்குப் பின்னும், அயல்நாட்டுப் படத்தைத் திருட்டுத்தனமாய்ப் பார்த்து, ஊரையும் பேரையும் மாற்றிவிட்டுக் ‘கதை எம்முடையது’ என்று திரையில் எழுத்துப் பொறிக்கின்றவர்க்கு நாணம் என்பதொன்று உண்டா?

இவர்கட்கு விடையாக, இயக்குநர் மகேந்திரனின் பட்டறிவையே எடுத்து வைக்கிறேன். அவர் நம் கொள்கையர் அல்லர்; தனித்தமிழர் என்று தம்மை அவர் சொல்லிக் கொண்டதுமில்லை. (சிற்றரசு அவர்களின் ‘இனமுழக்கம்’ இதழில் சிலகாலம் பணியாற்றியவர் என்பதை மட்டும் நினைவிற் கொள்க.) ஆயினும் அவர் செய்தவை நமக்குச் சான்றாகின்றன.

1978-இல் உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ புதினத்தை அவர் படமாக்கினார். கல்கி இதழின் பரிசு பெற்ற தொடர்கதை அது. புதினத்தில் காளியின் கையைப் பறிப்பது புலி, படத்திலோ சரக்குந்து. முடிவையும் அவர் தம் போக்கில் அமைத்துக் கொண்டார். ‘மூலநூலைக் கெடுத்துவிட்டார்’ என்று குறை கூறுவாரும் உளர். இவர்கள் தொல்காப்பிய மரபியலைப் புரட்டிப் பார்த்தல் நன்று. நூலை முதனூல், வழிநூல் என இரண்டாக வகுத்து, அவ்வழிநூலுக்குத் தொகுத்தலும் விரித்தலும் உரியன என்று நம் முன்னோர் என்றோ சொல்லி வைத்துள்ளனர். பன்னூறு பக்கப் புதினத்தை இரண்டரை மணி நேரத்தில் அடக்குவோன் தொகுக்கத்தானே வேண்டும்? அதனைக் குற்றமென்பது இலக்கணமறியாமை.

அப்படம் உருவானபோது நேர்ந்ததுதான் வேடிக்கை. முடிந்த படத்தைப் போட்டுப் பார்த்த முதலாளி, ‘உரையாடலே இல்லையே’ என்று சினந்தார். ஒரு பாட்டுக்கான படப்பிடிப்புக்குப் பணம் தர மறுக்க, அச்செலவை நடிகர் கமலகாசன் ஏற்றுக் கொண்டார். பக்கம் பக்கமாக அடுக்குமொழி பேசினால்தான் தமிழ்ப்படம் என்று எண்ணிப் பழகிய மூளைக்கு வேறென்ன தோன்றும்? உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதற்கெனத் தனி இயலே வகுத்த மொழி நம்மொழி. காளியின் செருக்கும் தங்கைபால் அவன் கொண்ட அன்பும் பார்வையிலும் நடையிலும் தெரியும்போது வாய்ச்சொல் எதற்கு? முதலாளி அஞ்சிய அப்படம் நூறு நாளைக் கடந்து ஓடிற்று!

மறு ஆண்டில் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து ‘உதிரிப்பூக்கள்’ பிறந்தது. மூலத்துக்கும் படத்துக்கும் உள்ள தொலைவு மிகுதி. பெயரை மறைத்திருந்தால் கேட்பார் யார்? புதுமைப்பித்தனோ 1948-லேயே மறைந்துவிட்டவர். எனினும் மகேந்திரன் அவர் பெயரைத் திரையில் இட்டார். நூலுக்குப் பாயிரம் எழுதுவோன் ஆக்கியோன் பெயரோடு, அந்நூல் வந்த வழியையும் சொல்லக் கடமைப்பட்டவன் என்கிறது நன்னூல். அதைப் பாடமாகப் படித்துத் தேர்வெழுதிய திரைக்கதையாளர் எத்தனையோ பேர்! படத்தின் பாயிரத்தில் வழி சொல்லத்தான் அவர்கட்குக் கை வருவதில்லை.

இனிப் பெயர்களைப் பாருங்கள்: முள்ளும் மலரும், உதிரிப்பூக்கள், பொன்னீலனின் ‘உறவுகள்’ தந்த பூட்டாத பூட்டுகள், சிவசங்கரியின் நண்டு. எல்லாம் நற்றமிழ். தமிழ்ப்பெயர் சூட்டினால் வரிவிலக்கு என்று 2006-இல் தமிழக அரசு அறிவித்த பிறகன்றோ பலர்க்குத் தாய்மொழி நினைவுக்கு வந்தது! கால் நூற்றாண்டுக்கு முன்பே, எந்த விலக்கும் கேளாமல் வந்த பெயர்கள் இவை. ‘தமிழ்ப்பெயர் விலைபோகாது’ என்பார் இதற்கு என்ன சொல்லப் போகின்றனர்?

குறையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1981-இல் வந்த ‘நண்டு’ படத்தில் வடநாட்டுக் குடும்பம் வருகிறது என்னும் கரணியத்தால் இந்திப் பாட்டையே புகுத்தினார். வடநாட்டானைக் காட்ட வடமொழிப் பாட்டுத்தான் வேண்டுமெனில், உரோமானியனைக் காட்ட இலத்தீன் பாடுவாரோ? மெய்ப்பாட்டை அவ்வளவு நம்பிய கலைஞர் அங்கு மட்டும் ஏன் அதை நம்பவில்லை?

அவர்தம் பட்டறிவில் மிகக் கசப்பானது காலத்தாழ்வு. ம.கோ.இரா. கேட்டுக் கொண்டதற்கிணங்க இளமையில் அவர் திரைக்கதை எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ அந்நாளில் படமாகவே இல்லை. 2022-இல் மணிரத்தினம் அதனைத் திரைக்குக் கொணர்ந்தபோது மகேந்திரன் மறைந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. கந்தர்வனின் சிறுகதையைக் கொண்டு எடுத்த ‘சாசனம்’ பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. ‘ஆவணம்’ என்று பெயரிட்டிருக்கலாகாதா என்னும் வருத்தம் எனக்குண்டு; அது கிடக்கட்டும். கந்தர்வன் மறைந்தது 2004-இல். படம் திரைக்கு வந்தது 2006-இல்.