தாமதம் வேறு, அடைப்பு வேறு



இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும் வேளையில், "இருதயத்தில் அடைப்பாம், ஓட விடாதீர்கள்" என்று ஒரு பிள்ளையை மரத்தடியில் அமர்த்திவிடுவது எளிது. அந்த அடைப்பு எத்தகையது என்று கேட்டறியாமல் அவ்வாறு செய்வது முறையன்று என்பதே என் கருத்து.

இதயத்தைத் துடிக்கச் செய்யும் மின்தூண்டல் வலது மேலறையில் தோன்றுகிறது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே உள்ள ஒரு கணு அதனைச் சற்றே தாமதித்துக் கீழே அனுப்புகிறது. கீழறைகளில் இரத்தம் நிரம்ப அந்த இடைவெளி தேவை. ஜப்பானிய மருத்துவர் சுனாவோ தவாரா 1906-இல் இக்கணுவை விளக்கி நூல் வெளியிட்டார்.

இத்தூண்டல் மேலறையில் தொடங்கிக் கீழறையை எட்டும் நேரத்தை இ.சி.ஜி. வரைபடம் காட்டும். பெரியவர்களுக்கு அது 0.12 முதல் 0.20 விநாடி வரை இருக்கும். சிறுவர்களுக்கு வயதுக்கேற்ப மேல் எல்லை இன்னும் குறைவு. அவ்வெல்லையைக் கடந்தால் 'முதல்நிலை இதய அடைப்பு' என்று எழுதுவார்கள். பெயர்தான் நம்மை அச்சுறுத்துகிறது. இரத்தக் குழாய் அடைப்பு வேறு, இது வேறு. இங்கே ஒவ்வொரு தூண்டலும் சற்றுப் பிந்தியேனும் கீழறையைச் சென்றடைந்துவிடுகிறது. நன்கு பயிற்சி பெற்ற விளையாட்டாளர்களிடமும் இது காணப்படுவதுண்டு. வேறு இதய நோயோ அறிகுறிகளோ இல்லாதவர்க்குப் பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படுவதில்லை.

அதற்காக அலட்சியமும் கூடாது. தொண்டைத் தொற்றுக்குப் பின் வரும் வாதக் காய்ச்சல், இதயத்தசை அழற்சி, சில மருந்துகள் ஆகியவற்றாலும் இத்தாமதம் ஏற்படலாம். ஆகவே, காரணத்தை மருத்துவரே ஆராய்ந்து கூற வேண்டும். ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ ஏற்பட்டாலும், குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தாலும் அதனை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். மருத்துவர் அனுமதிக்கும் வரை அப்பிள்ளை ஓடாதிருப்பதே நலம்.

பெற்றோர்களே, "என் பிள்ளை ஓடலாமா? நீந்தலாமா? மறுபரிசோதனை எப்போது?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் பெற்றுப் பள்ளியில் ஒப்படையுங்கள். ஆசிரியர்களே, அக்கடிதத்தைக் கோப்பில் போடுவதற்கு முன் படியுங்கள். ஆண்டுதோறும் அதை உடற்கல்வி ஆசிரியரின் கவனத்திற்கும் கொண்டு செல்லுங்கள்.

ஓடலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பின்னும் ஆறாண்டுகள் மரத்தடியில் அமர்ந்திருக்கும் பிள்ளை, தன்னை நோயாளி என்றே நம்பி வளரும். அந்த நம்பிக்கையை நாம் அதன் மனத்தில் விதைக்க வேண்டாம்.