திருவிடந்தை போகும் வழியில்



வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கியதும் திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாளுக்கு வேண்டிக்கொள்வது நம்மில் பல குடும்பங்களின் வழக்கம். மாலை போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றுகிறோம். கல்யாணம் கூடியதும் ஜோடியாகப் போய் நன்றி சொல்கிறோம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் (இ.சி.ஆர்.) அப்படிப் போகிற கார்களில் எத்தனை, ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு நிமிடம் நிற்கின்றன?

அங்கே சாலையை ஒட்டியே இருக்கிறது சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

1966-ல் இதைத் தொடங்கியபோது ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் சென்னை அரசு கலை, கைவினைக் கல்லூரியின் முதல்வர். தன்னிடம் படித்தவர்கள் பிழைப்புக்காக ஓவியத்தையே விட்டுவிடுகிறார்களே என்ற கவலை அவருக்கு. 'படம் போட்டால் சோறு கிடைக்குமா?' என்று நாம் பிள்ளைகளைக் கேட்கிறோமே, அதே கவலைதான். ஆனால், படத்தை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை.

மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருட்களையும் அவரும் அவரிடம் படித்தவர்களும் சேர்ந்து செய்தார்கள். விற்ற பணத்தில் கடலோர மணல்காட்டில் நிலம் வாங்கினார்கள். கைத்தொழில் வயிற்றைப் பார்த்துக்கொண்டது. மிச்ச நேரம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். அவரவர் வீடே அவரவர் பட்டறை. சுல்தான் அலி, சேனாதிபதி, பணிக்கரின் மகன் நந்தகோபால் என்று நாடறிந்த பலர் இங்கே வாழ்ந்து வேலை செய்தவர்கள். யாரோ ஒரு புரவலர் வருவார் என்று காத்திருக்காமல் கூட்டாக உழைத்து ஊரையே உண்டாக்கியதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

பணிக்கர் 1977-ல் மறைந்தார். தொடங்கியவர்களில் பலர் இன்று இல்லை. சுற்றிலும் பங்களாக்கள் எழும்பிவிட்டன. ஆனாலும் கிராமம் இருக்கிறது. 2009-ல் திறந்த கலை மையத்தில் அந்தத் தலைமுறையின் ஓவியங்களைப் பார்க்கலாம். வெளியே மரத்தடியில் கல்லும் உலோகமுமாகச் சிற்பங்கள். புரியாதோ என்று தயங்க வேண்டாம். கோயில் தூணில் இருக்கும் யாளியை யாராவது விளக்கியா நாம் ரசித்தோம்?

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் படம் போடும் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறதா? பள்ளி விடுமுறையில் ஒரு நாள் ஈஞ்சம்பாக்கத்துக்கு அழைத்துப் போங்கள். அவசரப்படுத்தாமல் பார்க்க விடுங்கள். பார்த்துவிட்டு வந்து அது போடும் படத்தை நம் பத்திரிகைக்கு அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்